ஓட்டைச் சரம்

முதல் ஓட்டை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், குடைக்காரரின் இடது கால் சாக்ஸிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. கட்டைவிரல் கிழித்த ஓட்டை. ஒரு பெரிய பொத்தான் அளவு இருக்கும். விழுந்த சத்தம் கேட்கவில்லை. உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் நின்றது. அதைத் தேட விளக்குமாறை நீட்டியபோது விளக்குமாற்றின் இரண்டு குச்சிகள் அதற்குள் போய்த் திரும்பி வரவில்லை. அதனால்தான் அது ஓட்டை என்று தெரிந்தது.

அது ஏன் விழுந்தது என்று சொல்லவேண்டுமானால் மாமியாரின் விரல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். குடைக்காரரின் மனைவி அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த முதல் வாரமே ஒரு சட்டையின் முழங்கைக் கிழிசலைத் தைத்து வைத்தாள். மாமியார் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இரண்டு விரலால் துணியைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தைச்ச இடம் தெரியுதே" என்றார்.

சத்தம் போடவில்லை, திட்டவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார். மருமகளுக்கு அது சுருக்கென்று தைத்தது. கிழிசலுக்குத் துண்டு வைத்துத் தைப்பதை அன்றோடு விட்டாள். அதே துணியின் ஓரத்திலிருந்து நூலை உருவி, துணியை உள்பக்கமாய்த் திருப்பிப் போட்டு, நெய்ததுபோலவே மேலும் கீழுமாய் இழை ஓட்டப் பழகினாள். பாத்திரம் கழுவி, தரை துடைத்து, துணி உலர்த்தி முடித்த கையோடு உட்காருவாள். தலையணை உறை, கால்சட்டை, கணவரிடம் ரிப்பேருக்கு வரும் குடைத்துணி என்று கிழிந்ததெல்லாம் அவள் மடியைத் தாண்டித்தான் போகும். முடிந்ததும் மாமியாரிடம் நீட்டுவாள். விரல் போகும், நிற்கும். "தெரியுதே." இப்படி நான்கு வருஷம். இருவருக்கும் சண்டை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இதைவிட முக்கியமாய் அவர்கள் இருவருக்கும் பேச வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை மாமியாரின் விரல்கள் சாக்ஸை மூன்று தடவை சுற்றி வந்தன. உள்ளே கைவிட்டுத் தடவின. கால்மணி நேரம் ஆனது. கடைசியில் அவர், "எங்கேம்மா தைச்சே?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் ஓட்டை விழுந்தது. தனக்கு இனி இங்கே இடமில்லை என்று அதற்கே புரிந்துவிட்டதுபோல.

கழன்ற ஓட்டையை வைத்துக்கொள்வது அத்தனை சுலபமில்லை. மேசையில் வைத்தால் மேசை ஓட்டையாகும். டப்பாவில் போட்டால் டப்பா ஒழுகும். இரண்டு கரண்டியும் ஒரு மூக்குக்கண்ணாடியும் பறிபோன பிறகு மருமகள் அதை நூலில் கோத்துச் சமையலறைக் கொக்கியில் மாட்டினாள். கோப்பதற்கு இதைப்போல் தோதான பொருள் உலகத்தில் வேறில்லை, ஊசி போகவேண்டிய வழி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதற்கப்புறம் மாதத்துக்கு நாலைந்து விழுந்தன. மாமியார் ஒன்றும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. பத்தில் ஏழைக் கண்டுபிடித்துவிடுவார், மூன்றில் தோற்பார். தோற்ற மூன்றும் சரத்தில் ஏறும். இஸ்திரிப்பெட்டி பொசுக்கிய ஓட்டை ஓரத்தில் எப்போதும் இளஞ்சூடாக இருந்தது. குடையிலிருந்து வந்தவை வெயில் காலத்திலும் ஒரு சொட்டு ஈரம் வைத்திருந்தன. சாக்ஸ் ஓட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக் கிண்ணத்தின் அடியில் ஒட்டினால் வடிகட்டி ஆகும், வேலை முடிந்ததும் கழுவித் திரும்பக் கோத்துவிடலாம். குடைக்காரர் ஒரு நாள் ரிப்பேரான குடையைக் கொடுக்கப் போகும் அவசரத்தில் சரத்தைத் தோளில் இடித்து, சட்டையில் பதினாறு ஓட்டைகளோடு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். பதினொரு வருஷத்தில் சரம் தரையைத் தொட்டது.

பன்னிரண்டாம் வருஷம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கட்டில் பின்னறையில் இருந்தது. தச்சர் அந்தக் கட்டிலை அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருந்தார், வெளியே எடுக்க வழியில்லை. முன்னறை முழுக்கக் குடைகள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. நாலு சுவர், ஒரு கதவு, ஒரு பல்பு. தூக்கி முன்னறையில் உட்கார வைக்கலாம் என்று பார்த்தால், தொட்டதுமே மாமியார் போட்ட கூச்சலில் குடைகள் விரிந்துகொண்டன.

முதல் இரண்டு மாதம் படுத்துக்கொண்டே துணிகளைத் தடவினார், கண்டுபிடித்தார், சொன்னார். மூன்றாம் மாதம் விரல்கள் மெதுவாயின. ஒரு திங்கட்கிழமை மருமகள் ஒரு சட்டைக் காலரை நீட்டினாள். மாமியார் அதை மடித்தபடியே வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மருமகள் முன்னறைக்கு ஓடினாள்.

"என்னங்க, டாக்டரைக் கூப்பிடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"உங்கம்மா நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

குடைக்காரர் கையிலிருந்த குடைக்கம்பியைக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். டாக்டர் வந்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார். சீட்டில் மருந்துப் பெயர் எழுதும் இடத்தில் 'ஜன்னல்' என்று எழுதி, அடியில் காலை, மதியம், மாலை என்று மூன்று கோடு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டு ஓனர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்திருந்தார். மாதம் ஒரு தடவை வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போகிற மனிதர். "என் சுவரை இடிக்கறதும் ஒண்ணு, என் நெஞ்சுல கடப்பாரையைப் போடறதும் ஒண்ணு. ஒரு செங்கல் நகரக் கூடாது" என்றார். மாமியாரோ நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டே போனார். கஞ்சி நன்றாக இருந்தது, தலையணை நன்றாக இருந்தது, மருமகள் நல்லவள். பாதி கஞ்சி கிண்ணத்திலேயே இருந்தது. இன்னும் ஒரு மாதம் இந்த அம்மாள் இப்படி நல்லவராக இருந்தால் பிழைக்கமாட்டார் என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. குறை சொல்ல ஆளில்லாமல் தைத்த துணிகளும் மறுபடி அதே இடத்தில் கிழிந்தன. ஒரு ஓட்டைகூட விழவில்லை.

அவள் சரத்தை இறக்கினாள். முன்னறையில் குடைகளை ஓரம் தள்ளி, ஓட்டைகளை வரிசையாய்ப் பரப்பி, ஒன்றோடொன்று ஓரம் சேர்த்துத் தைத்தாள். அறுநூற்றுச் சொச்சம் ஓட்டை. ஒன்பது நாள் ஆனது. அடுப்பில் பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, குடைக்காரர் துணி துவைத்து எல்லாவற்றையும் ஒரே நீலமாக்கினார். பத்தாம் நாள் அவ்வளவும் ஒரே பெரிய ஓட்டையாயிற்று. நாலடிக்கு மூன்றடி. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு இடத்துக்கு ஓட்டை போதவில்லை. குடைக்கைப்பிடி ஒட்டும் பசையை ஓரம் முழுக்கத் தடவி, இருவருமாய்ப் பிடித்து, பக்கத்துத் தெருவை ஒட்டிய பின்னறைச் சுவரில் ஒட்டினார்கள்.

சுவர் சுவராகவே இருந்தது.

ஆனால் வெளியே தெருவில் சைக்கிள்கள் நிற்கிற சத்தம் கேட்டது. "அட, அந்தம்மா படுத்திருக்காங்க பாரேன்." "தலை வாரலை போலிருக்கு." "வாயைத் திறந்துகிட்டுத் தூங்கறாங்க." தபால்காரர் கையை ஆட்டிக்கூடப் பார்த்தார். மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். பதினைந்து வருஷமாய் உள்பக்கம் தன்னைப் பார்க்க வைத்தே தைத்த கை, பழக்கதோஷத்தில் ஒட்டும்போதும் உள்பக்கத்தைத் தன் பக்கமே வைத்து ஒட்டிவிட்டது. தெருவுக்கு அறை தெரிந்தது, அறைக்குத் தெரு தெரியவில்லை. அரைமணி நேரம் ஊர் முழுக்க மாமியாரைப் பார்த்துவிட்டுப் போனது. வெந்நீர் வைத்துப் பசையை இளக்கி, திருப்பிப் போட்டு ஒட்டினார்கள்.

வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. மாமியார் தலையைத் திருப்பினார். தெரு இருந்தது. எதிர்வீட்டுப் படிக்கட்டு, ரொட்டிக் கடை, அதன் வாசலில் தூங்கும் நாய், மிதிக்காமல் தாண்டிப் போகும் ஜனங்கள். காற்று உள்ளே வந்தது. கீழ்ப்பாதி வழியாக வந்த காற்றில் கொஞ்சம் சாக்ஸ் வாசம் இருந்தது. மாமியார் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, இரண்டு ஓட்டைகள் சேருகிற இடத்தில் விரலை வைத்தார்.

"தைச்ச இடம் தெரியுதே."

மருமகள் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அவ்வளவு சத்தமாய் அந்த வீட்டில் யாரும் பாத்திரம் கழுவியதில்லை.

வீட்டு ஓனர் மறுநாளே வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு இடிச்சீங்க?"

"இடிக்கலைங்க, தைச்சேன்."

"தைச்சியா?"

"ஒரு செங்கல் நகர்ந்திருந்தா காட்டுங்க."

அவர் உள்ளே போய்ப் பார்த்தார், தெருவுக்குப் போய்ப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டு எடுத்து விரல்களை எண்ணினார். குனிந்து தரையில் சிமெண்ட் தூள் தேடினார். காதை வைத்துக் கேட்டார், சுவர் சௌக்கியமாக இருந்தது. கட்டிலிலிருந்து மாமியார், "உங்க முதுகு தெருவை மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். ஓனர் தள்ளி நின்றார். அடுத்த வாரம் பழைய பனியன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, தன் வீட்டு மாடிப்படியில் வெளிச்சம் கம்மி என்று இழுத்தார்.

ஒரு குறைதான் பாக்கி. அந்த உள்ளங்கை அளவு மூலை.

"அங்கதாம்மா பஸ் வந்து நிக்குது. பின்சக்கரம்தான் தெரியுது. யார் ஏறறா, யார் இறங்கறான்னு தெரியலை" என்றார் மாமியார்.

"வீட்டுல கிழிசலே இல்லையே அத்தை. எல்லாம் தைச்சாச்சு."

"ஓனர் கொண்டுவந்தது?"

"அது அவரு படிக்கட்டுக்கு. எடுத்தா நல்லாயிருக்காது."

மாமியார் போர்த்தியிருந்த சால்வையை எடுத்தார். திருமணமான வருஷத்திலிருந்து ஒரு இழை பிரியாமல் வைத்திருந்த சால்வை. அதைப் பல்லில் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து, பர்ரென்று உள்ளங்கை அளவுக்குக் கிழித்தார்.

"தை. ஆனா ஒண்ணு, நான் விட்டுக்கொடுப்பேன்னு நினைக்காதே."

மருமகள் சால்வையின் ஓரத்திலிருந்து நூல் உருவி, இரண்டு நாள் உட்கார்ந்து இழை ஓட்டினாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பாதி தூரத்தில் விரல் நின்றது. "இங்க" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. கண்டுபிடித்த சந்தோஷத்தில் பஸ்ஸை இழந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மருமகள் பிரித்தாள், மறுபடி தைத்தாள். "இங்கயும்" என்றார். மூன்றாவது தடவை அவள் தையலை ஆரம்பிக்கும் முன் விரல் நுனிகளை எண்ணெய் தொட்டு மிருதுவாக்கிக்கொண்டாள், வாசல் கதவைச் சாத்தினாள், கணவரைக் குடைகளோடு வெளியே அனுப்பினாள். ஐந்து நாள். வீட்டில் தூசி படிந்தது, யாரும் கவலைப்படவில்லை.

சால்வை கட்டிலில் விரிந்தது. விரல்கள் கிளம்பின. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மாமியார் சால்வையை முகத்தில் வைத்துப் பார்த்தார், கன்னத்தால் தேய்த்துப் பார்த்தார், உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். கிழித்தது தன் பல்தான், அதுகூட எங்கே கடித்தது என்று சொல்ல முடியவில்லை. தெருவில் நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"எங்கேம்மா தைச்சே?"

ஓட்டை கட்டிலின்மேல் விழுந்தது. ஓரமெல்லாம் பல்தடம் பதிந்த, பெரிய, நல்ல ஓட்டை. மருமகள் அதை எடுத்து, சரியான பக்கம்தானா என்று மூன்று தடவை திருப்பிப் பார்த்து, மூலையில் வைத்துத் தைத்தாள். அளவு பிசகவில்லை. பஸ் நிறுத்தம் முழுதாய்த் தெரிந்தது, கம்பமும் பலகையும் காத்திருக்கும் நாலு பேரும்.

மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இரண்டு தலையணையில் சாய்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்தார். பஸ் வந்து நின்றது. முன்சக்கரம், பின்சக்கரம், டிரைவரின் மீசை எல்லாமே தெரிந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம் லேட்டு" என்றார்.