திருஷ்டிப் பூசணி

கஸ்தூரியம்மாள் கொடுத்த பூசணிக்காயைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிய தங்கராசு, அது வெளியே தெரியாமல் துண்டைப் போட்டு மூடினான். நெய்வேலி விமான ஓடுதளத்தில் அவன் காவலாள். ஆடு மாடு உள்ளே வராமல் விரட்டுவதுதான் வேலை, அதுவும் கான்ட்ராக்ட். ஓடுதளத்தில் பூசணிக்காய் உடைத்தான் என்று தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

ஆனால் அந்த அம்மாளிடம் யாரால் மறுத்துப் பேச முடியும்? ஒரே மகன் சக்கரபாணி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். இதுவரை பயிற்சியாளர் கூடவே உட்கார்ந்து பறந்தார். இன்றுதான் முதல்முறையாகத் தனியாகப் போகிறான்.

"புதுசா ஒரு பஸ் விட்டாலே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறாங்க. என் புள்ள ஆகாசத்துல போறான். ஏறுறதுகூட பயமில்ல தங்கராசு, இறங்குறதுதான். அவன் வந்து இறங்குற இடத்துலயே ஒடச்சிடு" என்றாள்.

உடைத்தான். யாரும் வருமுன் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, குங்குமம் தெறிக்க உடைத்து, துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டான், புத்திசாலி! அள்ளித் தூரப் போட்டிருக்கலாம். ஆனால் திருஷ்டி கழித்ததை யார் கையால் தொடுவார்கள்?

சின்ன விமானம் அழகாக எழும்பியது. சக்கரபாணி ஒரு சுற்று வந்து இறங்கத் தொடங்கினான். தங்கராசு வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு மாடு வேலி ஓட்டை வழியாக நுழைந்து, ஓடுதளத்தின் குறுக்கே பூசணித் துண்டுகளைத் தேடி வந்தது.

தங்கராசு தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். தரையைத் தொடவிருந்த சக்கரபாணி மாட்டைக் கண்டு பதறி, விமானத்தின் மூக்கைச் சட்டென்று மேலே தூக்கினான். அதற்கேற்ற வேகம் இல்லை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை தரையில் குத்தி, குப்புற விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தலை தங்கராசுவின் மடியில்தான் இருந்தது. மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசாரிக்க வந்தவர்கள் வேலியைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். பூசணிக்காய் விஷயம் யாருக்கும் தெரியாது. தங்கராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. காரியம் முடிந்ததும், கஸ்தூரியம்மாள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனான்.

அவள் கூடத்தில் வெறுந்தரையில் கிடந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "அன்னையிலேருந்து அழவே இல்லப்பா" என்றார் அவள் கணவர் பரமசிவம்.

அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "தங்கராசு, அவ்ளோ பெரிய எடத்துல மாடு ஏன் சரியா அங்க வந்துது? பூசணிக்காய எங்க ஒடச்ச? நான் சொன்ன எடத்துலதானே?"

காலில் விழக் குனிந்தவன் நிமிர்ந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சத்தை அவளே கோத்துக்கொள்வாள். பெற்ற வயிறு அதைத் தாங்குமா?

"நான் ஒடைக்கவே இல்லீங்கம்மா" என்றான். "யாராச்சும் பாத்துக்கினு இருந்தா வேல பூடுமேன்னு, வர்ற வழியில வாய்க்கால்ல போட்டுட்டேங்க."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வீடே அதிர ஓலமிட்டாள். "பாவி! ஒரு காய ஒடைக்க உனக்குக் கையில்லாம போச்சா? நீதான்டா என் புள்ளயக் கொன்னுட்ட!" மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். பரமசிவம் அவனை வெளியே போகச் சொன்னார்.

தங்கராசு வேலைக்குப் போவது அந்த வீட்டைத் தாண்டித்தான். அவனைக் கண்டால் போதும், கஸ்தூரியம்மாள் தெருவில் இறங்கி, அவன் குலம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றுவாள். சுற்றுவழி ஒன்று இருந்தது. அவன் அதில் போனதில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, அவள் கை ஓயும்வரை நின்றுவிட்டுப் போவான்.