அடுத்த ஆள்

மத்திகிரியில் நாலரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது நாய்கள்கூடத் தூக்கத்தில் இருக்கும். மூன்று வருஷமாக மாதேஸ்வரியின் மிச்சத் தூக்கம் அந்த பஸ்ஸில்தான். ஆறு மணிக்கு மூன்றாவது லைனில் நின்றால் மதியம் இரண்டு வரை செல்போனுக்குப் பின்மூடி அழுத்தும் மெஷின். ஃபோனை வை, மூடியைப் பொருத்து, கையை எடு, மிதியை மிதி. சாப்பாட்டில்கூட மூடி ஒட்டும் பசை நாற்றம் அடிக்கும். கக்கூஸ் போக நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். உலகத்தையே உள்ளங்கைக்குள் கொண்டுவருகிற கம்பெனிக்கு இன்னொரு அட்டை அடிக்க வக்கில்லை.

ஞாயிறு வந்தால் இன்டர்வியூ திருவிழா. ராயக்கோட்டை, கெலமங்கலம், கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல் வரைக்கும் பெண்கள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். 'திறமைத் தேர்வு' என்று முதலில் நாலு மணி நேரம் லைனில் நிற்க வைப்பார்கள். அவர்கள் அழுத்திய ஃபோன்கள் குப்பைக்கா போயின? சீல் ஒட்டி லாரி ஏறின. பெண்களுக்கு மட்டும் 'மெயில் வரும்' என்று பதில். இந்த மகா மூளை எச்.ஆர். மேனேஜர் ஹரீஷ்குமாருடையது.

போன ஞாயிறு ராயக்கோட்டை சரிதாவை மாதேஸ்வரிக்குப் பக்கத்து மெஷினில் நிறுத்தினார்கள். உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் அதில் இரண்டு நாளாகக் கெட்டுக் கிடந்தது.

"அது வேலை செய்யலைங்க சார்" என்று மாதேஸ்வரி சொன்னாள்.

"டார்கெட் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான் ஹரீஷ்குமார்.

பத்தே நிமிடம். சரிதாவின் இரண்டு விரல்கள் நசுங்கின. "யக்கா, யக்கா" என்று அவள் கூப்பிட்டது மாதேஸ்வரியின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இந்த ஞாயிறு மாதேஸ்வரிக்கே இன்டர்வியூ. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. பர்மனன்ட் கிடைத்தால் உள்ளே, இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே. கல் குவாரியில் வேலை போய் வீட்டில் இருக்கும் புருஷன் முனிவேல், "இன்னிக்கு ஒரு நாளு வாய அடக்கிக்க" என்று கெஞ்சித்தான் அனுப்பினான்.

ஏசி அறையில் ஹரீஷ்குமார் சிரித்தான். "உங்களப் பத்தி சொல்லுங்க."

மூன்று வருஷம் இவன் கண்ணெதிரே நின்றவளிடம் கேட்கிற கேள்வியைப் பார்.

"மூணாவது லைன்ல நிக்கிறேங்க சார்."

"பிரஷர எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?"

"நாப்பது பேருக்கு ஒரு அட்டைங்க. அடக்கிக்கிட்டுத்தான்."

அவன் சிரிப்பு சுருங்கியது. ஒரு காகிதத்தை நகர்த்தினான். 'சரிதா யாரும் சொல்லாமல் மெஷினைத் தொட்டார். சென்சார் சரியாக இருந்தது.' கீழே சாட்சியாக மாதேஸ்வரி பெயர். பக்கத்தில் பர்மனன்ட் ஆர்டர்.

"இதுல கையெழுத்துப் போட்டா அது உங்களுக்கு."

"அந்தப் புள்ள ஆஸ்பத்திரி செலவு?"

"அவங்க நம்ம எம்ப்ளாயி இல்லையே. இன்டர்வியூக்கு வந்தவங்க."

"அவ அழுத்துன ஃபோனு மட்டும் உங்குளுதாங்க சார்?"

"வெளிய அறுபது பேர் உக்காந்திருக்காங்க, உங்க எடத்துக்கு."

அவளுக்கு ஆர்டர் மேல் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லி என்ன. பேனாவை வாங்கினாள். டைப் செய்திருந்த வரிகளின் குறுக்கே கோடு போட்டாள். 'சென்சார் கெட்டிருந்தது. நான் சொன்னேன். மேனேஜர் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் அறுபது ஃபைல்கள், அறுபது முகங்கள். காகிதத்தைக் காட்டி நடந்ததைத் தமிழில் சொன்னாள், ஆனேக்கல் பெண்களுக்குக் கன்னடத்தில் இன்னொரு தரம் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

கக்கூஸ் அட்டையோடு அந்த வழியே வந்த மூன்றாவது லைன் ருக்மணி எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் நின்றது. லைன் முழுக்க வந்து மாதேஸ்வரியைச் சுற்றி உட்கார்ந்தது. ருக்மணி அட்டையைக் கழற்றி மேனேஜர் அறைக் கதவுப்பிடியில் மாட்டினாள்.

கதவைத் திறந்த ஹரீஷ்குமார் அட்டையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஒன்றுமே நடக்காதது போல, "நெக்ஸ்ட். அனிதா" என்றான்.

கெலமங்கலம் அனிதா ஃபைலை மடியில் சாய்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல சரிதாவுக்கு ஒரு வழி சொல்லுங்க சார். அப்புறம் வரேன்."

அவன் அடுத்த பெயரைப் படித்தான். அசைவில்லை. அதற்கடுத்ததையும் படித்தான். செக்யூரிட்டிக்கு ஃபோன் போனது, போலீஸும் வரலாம். பட்டியலில் இன்னும் ஐம்பத்தேழு பெயர்கள் இருந்தன. அவன் படித்துக்கொண்டே போனான். ஒருத்தியும் எழவில்லை.