முதல் வரிக் கையெழுத்து

சனிக்கிழமை மாலை சுப்பையா ஸ்டூல்மேல் ஏறி, மேட்டு சர்ச்சின் சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டார். வழக்கம்போல ஏழு நிமிடம் முந்தி வைத்தார். பாஸ்டர் நஞ்சன்கூட்டிலிருந்து வருகிறவர், பிந்திவிடுவார். ஆராதனை தாமதித்தால் சுப்பையாவுக்குப் பிடிக்காது. ஸ்டூலைப் பிடித்திருந்த மனைவி சொர்ணலதா, "ஆண்டவர் வீட்லயே பொய் நேரமாங்க?" என்றாள். அவர் சிரித்தார். மறுநாள் காலை மணியடிக்க அவர் எழவில்லை.

அடக்கம் முடிந்த ஐந்தாம் வாரம் அறிவிப்பு வந்தது. மேட்டு சர்ச்சும் மெயின் ரோட்டுப் பெரிய சர்ச்சும் இனி ஒரே சபை. மேட்டு சர்ச்சைப் பூட்டிவிடுவார்கள். தமிழ் ஆராதனை மாதம் ஒருமுறை, பெரிய சர்ச்சில்; மற்ற வாரங்களில் கன்னடம்தான். மேட்டில் பத்தொன்பது குடும்பம்தான் மிச்சம், இரண்டுக்கும் பாஸ்டர் ஒருவரே என்றார்கள். ஜூன் கூட்டத்திலேயே எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்களாம், சுப்பையா உட்பட.

சொர்ணலதா நம்பவில்லை. முப்பது வருடம் அந்தக் கதவைத் திறந்தவர் பூட்டச் சொல்வாரா? செத்தவர் கையெழுத்தை எவனோ போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினாள். பக்கத்து வீட்டுக் கமலம்மாள் குழம்பு கொண்டுவந்தாலும், எதை மறைக்க வருகிறாள் என்று முகத்தையே பார்த்தாள். கமலம்மாளும் இவள் கண்ணைப் பார்க்காமல்தான் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் செயலாளர் மனோஜ்குமார் வீட்டுக்கே போய்க் கூட்டப் புத்தகத்தைக் கேட்டாள். அவன் குடிக்கக் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பக்கத்தின் மேல்பாதியில் தீர்மானம்; கீழே முதல் வரியில் சுப்பையா. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலை அவர் இழுக்கும் இழுப்பு அப்படியே இருந்தது. பொய்க் கையெழுத்தாக இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"அங்கிள் போட்டதுதானே ஆன்ட்டி?"

"அவரு போட்டதுதான். தீர்மானத்தை எப்ப எழுதினீங்க தம்பி?"

அவன் புத்தகத்தின் ஓரத்தைத் தடவினான். "கூட்டம் முடிஞ்சு. நம்ம சபையில எப்பவும் அப்படித்தானே. வந்ததும் கையெழுத்து வாங்கிருவோம், மேல இடம் விட்டு."

கதவு திறக்கிறவர்தான் முதலில் வருகிறவர். முதல் வரி எப்போதும் அவருடையது.

அன்று சாயங்காலம் கமலம்மாளைப் பிடித்து உட்காரவைத்தாள். பூட்டுகிற பேச்சு வந்ததும் சுப்பையா எழுந்து, தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம். அதை யாரும் எழுதவில்லை.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எந்த வாயால சொல்ல அக்கா. நானும் போட்டிருக்கேனே, அவருக்குக் கீழயே."

கூட்டம் நடந்த அந்த ஞாயிறு அவர் சாப்பிடாமல் படுத்தது சொர்ணலதாவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. வயிறு சரியில்லை என்றிருந்தார்.

அவர் மறுத்ததைப் புத்தகத்தில் சேர்க்கச் சொன்னாள். மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது, இனி கை வைக்க முடியாது என்றார் பாஸ்டர். சர்ச்சைப் பூட்டினார்கள்.

இப்போது பெரிய சர்ச்சில் கூட்டம் என்றால் புத்தகம் சொர்ணலதாவிடம் வந்து நின்றுவிடும். பேசி முடித்து, தீர்மானம் எழுதி, அதைப் படித்த பிறகே அவள் கையெழுத்துப் போடுவாள். மனோஜ்குமார் பேனாவோடு காத்திருப்பான்.

திரும்பும் வழியில் மேட்டு சர்ச் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். கடிகாரம் இன்னும் ஏழு நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.