இரண்டு பெட்டிக்கு ஒரு மூக்கு

சாக்லேட்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெயில், இன்னொன்று அக்கம்பக்கத்து வாசனை. வெயில் பட்டால் மேலே வெள்ளை பூத்துவிடும். பக்கத்தில் வெங்காயத்தை வைத்தால் விடிவதற்குள் வெங்காய சாக்லேட் ஆகிவிடும். பதினொரு வருஷமாக வீட்டின் கீழ்த்தளத்தில் சாக்லேட் செய்துவரும் சின்னவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் சரக்கு வைத்திருந்த வாடகைக் குளிர்கிடங்கை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். கோடையோ வாசலில் வந்து நிற்கிறது. கப்பலில் போகும் குளிர்பதன கன்டெய்னர் ஒன்றைப் பழசாக வாங்கிக் கொல்லையில் நிறுத்திவிட்டால் பிழைத்தாள். அதில் கோட்டை விட்டால் கோடை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவளை நம்பி வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் சேர்ந்து உட்கார வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சங்கடம். பத்து மாதம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனது; போகும்போது அவள் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மோப்பமே இல்லாதவள் செய்த சாக்லேட்டை எவர் வாங்குவார்? அளவு நோட்டு, வெப்பமானி, அலாரம் இவற்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ருசி பார்க்கக் கணவனிடம் கொடுப்பாள். சோப்பைக் கொடுத்தாலும் 'நல்லாருக்கு' என்று சொல்லக்கூடிய அப்பாவி அவன்.

மூக்கு என்றால் அந்த வீட்டில் பெரியவளுக்குத்தான். பெரியவள் என்றால் கணவனின் அண்ணன் மனைவி, மாடியில் குடியிருப்பவள். மூன்று வீடு தள்ளிக் கேஸ் கசிந்தால் இங்கிருந்தே போன் போடுவாள். எட்டு வருஷம் முன்னால், சின்னவளின் முதல் பெரிய வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்தபோது, மாடிப்படியில் நின்று, "பால் அடிப்பிடிச்ச நாத்தம் மேல வரைக்கும் வருது" என்று சொல்லிவிட்டாள். வந்தவர் கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டுப் போனார், போனவர்தான். பால் அடிப்பிடித்திருந்தது உண்மை. உண்மை என்பதற்காக மன்னித்துவிட முடியுமா? அன்றைக்கு அறுந்தது பேச்சு. வா, போ, சாவி எங்கே, அவ்வளவுதான்.

பத்து மாதமாக இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. தினமும் ஒரு தடவையாவது பெரியவள் கீழே வந்து வாசலில் நிற்பாள். "கத்தரிக்கோல் இருக்கா?" எடுத்துக் கொடுத்தால், உள்ளே ஒரு பார்வை, அடுப்பின் மேல் ஒரு பார்வை, போய்விடுவாள். கத்தரிக்கோல் சாயங்காலம் திரும்பி வரும். மறுநாள் மறுபடியும் கத்தரிக்கோல். "உங்க அண்ணி வேவு பாக்க வர்றாங்க" என்று கணவனிடம் புலம்பினாள் சின்னவள். அவன் அதற்கும் நல்லாருக்கு என்பதுபோலத் தலையாட்டினான்.

அப்படிப்பட்டவளோடுதான் அன்றைக்கு ஒரே வண்டியில் போகவேண்டி வந்தது. பழைய கன்டெய்னர் விற்கும் யார்டு ஊரைத் தாண்டி இருந்தது. கணவனுக்கு வேலை நாள். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. பெரியவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை சும்மாதான். வழியெல்லாம் இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். யார்டு வந்ததும், "நீ போய்ப் பாரு, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றாள் பெரியவள்.

யார்டுக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று உள்ளும் புறமும் வெள்ளை வெளேரென்று புது பெயிண்ட். இன்னொன்று ஒரு பக்கம் நசுங்கி, நிறம் வெளுத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி எங்காவது வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். கதவு ரப்பரில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். காகிதம் கிழிந்ததே தவிர நழுவவில்லை. தரையில் வரிவரியாக ஓடும் அலுமினியப் பள்ளங்களில் கை விட்டுக் குளிர்காற்று கடைசிவரை வருகிறதா என்று தடவினாள். குளிரூட்டும் மெஷின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டாள். அதை ஓட்ட வீட்டில் மும்முனை மின்சாரம் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. இரண்டு பெட்டியும் எல்லாவற்றிலும் தேறின. அப்படியென்றால் வெள்ளையைத்தானே யாரும் எடுப்பார்கள்?

"கடைசியா ஒண்ணும்மா" என்றார் யார்டுக்காரர், வெள்ளைப் பெட்டிக்குள் நின்றுகொண்டு. "நல்லா மோந்து பாத்துக்கோங்க. முன்னாடி இதுல என்ன ஏத்துனாங்கன்னு என்கிட்ட இருக்கற பேப்பர்ல இல்ல. அப்புறம் வந்து என்னைக் குறை சொல்லக்கூடாது."

சின்னவள் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். "ஒரு வாசனையும் இல்லைங்க. சுத்தமா இருக்கு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பெயிண்ட் வாசனை கூடவா வரலை? முந்தாநாள்தான் அடிச்சது. எனக்குத் தலையே வலிக்குது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தில் அசடு வழிந்தது. "பெயிண்ட்டைத் தவிர சொன்னேங்க" என்று மென்று விழுங்கினாள். நல்ல மனிதர், அதற்குமேல் தோண்டவில்லை. "கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வேனுக்கு ஐம்பதடி தூரம் இருக்கும். அந்த ஐம்பதடிக்குள் நூறு தடவை திரும்பிவிட நினைத்தாள். யாருக்குத் தெரியக்கூடாது என்று பத்து மாதம் பாடுபட்டாளோ அவளிடமே போய் நிற்பதா? நிற்காமல் என்ன செய்வது? கோடைச் சரக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போகப்போகிறது.

"அக்கா, கொஞ்சம் உள்ள வந்து மோந்து பாக்கணும்."

"ஏன், உனக்கு என்ன?"

"எனக்கு வாசனை தெரியறதில்லக்கா. பத்து மாசம் ஆச்சு."

இப்போது குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தாள். பெரியவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"காய்ச்சல் விட்ட வாரம் பாலை அடுப்புல வெச்சுட்டு, அதுக்கு முதுகைக் காட்டிட்டு லேபிள் ஒட்டிட்டிருந்த. கருகின நாத்தம் மாடிக்கு வந்துச்சு. இறங்கி வந்தேன். பக்கத்துலயே இருந்துக்கிட்டு நீ பாட்டுக்குப் பாடிட்டு ஒட்டிட்டிருக்க. அடுப்பை அணைச்சுட்டுப் போயிட்டேன்."

கணவன் அணைத்தான் என்றுதான் சின்னவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பால் கருகுதுன்னு ஒரு தடவை சொன்னதுக்கு எட்டு வருஷம் பேசல நீ. மறுபடி சொல்ல எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அப்போ தினமும் கத்தரிக்கோல்?"

"என் வீட்டுல மூணு கத்தரிக்கோல் இருக்குடி. கேஸ் கசியுதா, ஏதாவது தீயுதான்னு பாக்க வேற எப்படி வர்றது?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த 'டி' அது. சின்னவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். வேவு பார்க்கிறாள் என்று எத்தனை தடவை கரித்துக் கொட்டியிருப்பாள். நடுவழியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுகையை வீட்டுல வெச்சுக்கலாம், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் பெரியவள்.

வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் நின்றாள். "பெயிண்ட்தான் தூக்குது. அதுக்கு அடியில என்னன்னு பிடிபடல. இப்ப எத்தனை டிகிரியில ஓடுது?"

"நாலுங்க" என்றார் யார்டுக்காரர்.

"ஃப்ரிட்ஜுல இருக்கற வரைக்கும் எதுவும் வாயைத் திறக்காது. வெளிய எடுத்தாத்தான் தெருவே நாறும்."

சின்னவளுக்குப் பொறி தட்டியது. இந்த மெஷின் குளிராக மட்டுமல்ல, சூடாகவும் ஓடும். இரண்டு பெட்டியையும் இருபத்தைந்தில் வைக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு பெரியவள் வெள்ளைப் பெட்டிக்குள் போய், மூலையில் தண்ணீர் வடியும் துளையருகே மண்டியிட்டுக் குனிந்தாள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தாள்.

"மீன். ஒரு கப்பல் மீன்."

யார்டுக்காரரும் குனிந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நசுங்கிய பெட்டியின் துளையில் லேசாக ஆப்பிள் வாசனை மட்டும்தான் என்றாள் பெரியவள், கழுவிவிட்டால் போய்விடுமாம். ஆனாலும் அவசரப்படவில்லை. இரண்டு பெட்டிக்குள்ளும், சாக்லேட் வைக்கும் பதினேழு டிகிரியில், உப்பில்லாத வெண்ணெயைத் தட்டில் திறந்தபடி வைத்துவிட்டு வந்தார்கள். வெண்ணெய் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் போய்ப் பெரியவள் நக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பெட்டி வெண்ணெயைத் துப்பினாள். நசுங்கல் பெட்டி வெண்ணெயை இன்னொரு விரல் எடுத்துத் தின்றாள். "வெறும் வெண்ணெய்தான்" என்றாள்.

அந்த வாரமே நசுங்கல் பெட்டி கிரேனில் தொங்கிக்கொண்டு வந்து கொல்லையில் இறங்கியது. கழுவிக் காயவைத்துச் சரக்கை ஏற்றினார்கள். கோடை வந்தது; ஒரு துண்டு கூட வெள்ளை பூக்கவில்லை.

அடுத்த மாதம், பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். சின்னவள் பால் கேரமல் வைத்த புதுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றை எடுக்கவும், வாசலில் பெரியவள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"கத்தரிக்கோல் இருக்கா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். வந்தவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள். சின்னவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல. அப்புறம் வர்றேன்."

"பரவால்ல, சொல்லுங்க."

"பால் கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு" என்றாள் பெரியவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சின்னவள் வந்தவர் கையிலிருந்ததைத் தானே வாங்கித் தட்டில் போட்டாள். "எனக்கு வாசனை தெரியாதுங்க, காய்ச்சல்ல போயிடுச்சு. அக்காவோட மூக்குதான் எங்க ரெண்டு பேருக்கும். அவங்க சரின்னு சொல்லாத சரக்கு இங்கிருந்து வெளிய போகாது. அரை மணி நேரம் இருந்தீங்கன்னா வேற போட்டுத் தர்றேன்."

வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இருக்கேன்மா" என்றார்.

சின்னவள் வேறு பாத்திரம் எடுத்துப் புதுப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பெரியவள் உள்ளே வந்து, முக்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.