உச்சி வெட்டிய ஹாலி மரம்

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? கை கால் சுகம்தானே? வீட்டில் ஆடு மாடு இருந்தால் அதுகளும் சுகமா? மாட்டையும் சேர்த்து விசாரிக்கிறேன், ஏனென்றால் இன்றைக்குச் சொல்லப் போவது ஒரு மாட்டினால் வந்த வினை.

பழைய காலத்து இங்கிலாந்தில் ஒரு பிரபுவுக்குச் சொந்தமான ஹாலின்கிளஃப் பண்ணை. அங்கே அந்த வருஷம் மார்ச் பிறந்தும் பனி உருகவில்லை. தாமசின் என்கிற விதவையின் வீட்டுப் பரணில் ஒரு பிடி உலர்புல் இல்லை. புருஷன் இறந்து இரண்டு வருஷம். அவள் மறுமணம் செய்யாமல் இருக்கிற வரைக்கும் அவன் உழுத நிலம் அவளுக்கு என்பது பண்ணை வழக்கம். இரண்டு பெண் குழந்தைகள், செர்ரி என்கிற ஒரு சினைப்பசு, எல்லாம் அந்த நிலத்தை நம்பித்தான்.

புல் தீர்ந்தால் பிரபுவின் காட்டில், பனியிலும் பச்சையாய் நிற்கும் ஹாலி மரத்துத் தழையை வெட்டி மாட்டுக்குப் போடலாம். அதற்கும் வழக்கம் உண்டு. பக்கக் கிளை குடியானவனுக்கு, உச்சி பிரபுவுக்கு. உச்சியை வெட்டினால் மரம் பட்டுப்போகும். வெட்டினவர் நிலம் பிரபுவுக்கே திரும்பிப் போகும். ஆனால் கீழ்க்கிளை இலையெல்லாம் முள். உச்சித் தழைதான் முள்ளில்லாமல் வழுவழுவென்று இருக்கும். பசித்த மாட்டுக்கு அதைவிட விருந்து ஏது?

தாமசினின் பங்கு மரங்களில் உச்சி தவிர எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அவள் ஒரு மரத்தில் ஏறினாள், வெட்டினாள். இறங்கும்போது கீழே ஜெர்வாஸ் நின்றுகொண்டிருந்தான். புருஷனின் தம்பி. பண்ணையின் காட்டுக் காவலனும் அவன்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி."

"மாடு எந்திரிக்கல தம்பி. நானும் புள்ளைங்களும் வாலைப் புடிச்சுத் தூக்கி நிறுத்துறோம்."

"என் மாடு மட்டும் என்ன குதிச்சுக்கிட்டா இருக்கு? நாளைக்குப் பண்ணைச் சபை. பண்ணையில நடந்த தப்பையெல்லாம் சொல்றேன்னு சத்தியம் பண்ற பன்னிரண்டு பேர்ல நான் கடைசி ஆள். சத்தியம் பண்ணிட்டு ஒரு தப்பை மறைச்சா பன்னிரண்டு பேருக்கும் தண்டனை."

"அப்ப சொல்லிடுவ."

"சொல்லித்தான் ஆகணும். ஆனா நான் வேதப் புத்தகத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வந்து உங்க வாயால சொல்லிட்டா நிலம் போகாது. அபராதத்தோட முடிஞ்சிடும். ஆள் அனுப்புனா செல்லாது. ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

வருகிறேன் என்றுதான் அவளும் சொன்னாள். மறுநாள் விடியும்போது செர்ரி கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் வெளியே வந்திருந்தது, இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு சிசிலியைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் இதைப் பாத்துக்கக்கா. நான் ஓடிப் போயிட்டு வந்துடுறேன்."

சிசிலி முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களை நீட்டிக் காட்டினாள். "கஞ்சிக் கரண்டியே இதுல நிக்க மாட்டேங்குது. இதை வச்சுக் கன்னுக்குட்டியை இழுக்கவா? நீ போனா மாடு செத்துடும்டி."

"போகலேன்னா நிலம் போயிடும்."

"உன் கொழுந்தன் பேச்சை நம்பிக்கிட்டு இருக்க. உன் நிலம் போனா யாருக்குக் கொடுப்பாங்க? பக்கத்து நிலக்காரனுக்கு. அது யாரு, என் புருஷனா?"

பக்கத்து நிலம் ஜெர்வாஸுடையது. மாடில்லாமல் இந்தக் குழந்தைகள் வேனிலைப் பார்க்காது. நிலமில்லாமல் மாட்டை எங்கே கட்டுவது? தாமசின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு மண்டி போட்டாள்.

தேவாலய மணி ஒன்பது அடித்தபோது அவள் கை முழங்கைக்கு மேல் உள்ளே இருந்தது. மடங்கின கால் பிடிக்குள் வந்து வந்து நழுவியது. ஒரு வழியாக அது நிமிர்ந்து, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. சிசிலி ஒரு துரும்பை எடுத்து அதன் மூக்கில் விட்டுக் குடைந்தாள். பிழைக்கிறதா என்று பார்க்க தாமசின் நிற்கவில்லை. முழங்கால் ஆழப் பனியில், பிரபுவின் மாளிகை இருக்கிற மேட்டைப் பார்த்து ஓடினாள்.

மாளிகைக் கூடத்தின் வாசலில் அவள் வந்து நின்றபோது பதினோரு பேர் சத்தியம் செய்து முடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்வாஸின் கை புத்தகத்துக்கு மேலே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஓடி வந்த இளைப்பில் சத்தம் வரவில்லை.

ஜெர்வாஸ் அவளைப் பார்த்தான். தோள்வரை ரத்தம் காய்ந்த அந்தக் கையையும் பார்த்தான். கையை இறக்கினால் அவள் நிலம் அவனுக்கு.

"வையப்பா," என்றார் சபையை நடத்திய பிரபுவின் காரியஸ்தர்.

ஜெர்வாஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அழுக்காயிருக்குங்க ஐயா. வேதப் புத்தகமாச்சே." உள்ளங்கையைக் கால்சட்டையில் மெதுவாகத் தேய்த்தான். திருப்பினான், புறங்கையையும் தேய்த்தான்.

"இப்படியே தேய்ச்சா உனக்கு ஜூன் மாசம் வரைக்கும் வேலை இருக்கு," என்றார் காரியஸ்தர்.

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாமசினுக்குக் குரல் வந்துவிட்டது.

"நான்தாங்க ஹாலி உச்சியை வெட்டினேன். ஒரு மரம். என் வாயால சொல்றேன்."

காரியஸ்தருக்குச் சிரிப்பு போய்விட்டது. பன்னிரண்டாவது கை இன்னும் புத்தகத்தில் படவில்லை. அவருக்கும் வழக்கம் தெரியும்.

"நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா அபராதமா, இந்தக் கோடை முழுக்கப் பொது மேய்ச்சல்ல உன் மாடு கால் வைக்கக் கூடாது."

"அப்ப அது எங்கய்யா மேயும்?"

"மரத்துல ஏறும்போது யோசிச்சிருக்கணும் அம்மா."

இறங்கும் வழியில் ஜெர்வாஸ் அவளை எட்டிப் பிடித்தான்.

"பாதையோரப் புல்லுக்கு யாரும் பாத்தியதை கொண்டாட முடியாது அண்ணி. அறுத்துக்கலாம்."

"ஒரு மாட்டு வயித்தைப் பாதையோரப் புல்லால ரொப்ப முடியுமா தம்பி?"

"முடியாது," என்றான் ஜெர்வாஸ். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

வீட்டு வாசலில் சிசிலி நின்றாள். "மூச்சு விட்டுடுச்சுடி. கிடேரிக் கன்னு. தாயும் எந்திரிச்சு நிக்குது."

தாமசின் தலையை மட்டும் ஆட்டினாள். இனி இரண்டு வாய். கூரை விளிம்பிலிருந்து அரிவாளை உருவி, வாசற்படியில் உட்கார்ந்து கல்லில் தீட்டத் தொடங்கினாள். அறுக்கிற அளவுக்குப் புல் வளர இன்னும் ஆறு வாரம் இருந்தது.

உங்கள் குடும்பத்திலும் மாட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இப்படி யாராவது மாட்டிக்கொண்டது உண்டா? அவர்கள் எதைப் பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று இரண்டு வரியாவது எனக்கு எழுதிப் போடுங்கள்.