வரைபடத்துக்குள் ஒரு நடை

எந்தக் கட்டடத்தின் வரைபடமானாலும் சரி, கையெழுத்துப் போடுமுன் ஆர்க்கிடெக்ட் தாமரைச்செல்வி கண்ணை மூடி அதற்குள் ஒரு நடை போய்விட்டு வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றி, கூடத்தைக் கடந்து, மாடியேறி, காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று நின்று பார்த்துத் திரும்பப் பத்து நிமிடமாகும். அதுவரை போன் அடித்தாலும் காதில் விழாது. "அக்கா வீடு பார்க்கப் போயிருக்காக" என்று ஆபீஸே சிரிக்கும். சிரிக்கட்டுமே! உசிலம்பட்டியில் ஒரு வீட்டில் குளியலறைக் கதவு கட்டிலில் இடிக்க இருந்ததை அப்படி நடந்துதான் கண்டுபிடித்தாள்.

மேலமாசி வீதியில் எழுபது வருடமாக நடக்கும் நிறுவனம் அது. அவள் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. திருமங்கலம் வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் அவள் போட்ட ஜன்னல் காற்றில் தூங்குகின்றன. அவளுக்கோ ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஒரு மேஜை. போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போவார்கள். திருநகரில் நிறுவனத்துக்கே புதுக் கட்டடம் வருகிறது என்றதும் அவள் மனதில் ஓர் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. மலை தெரிகிற ஜன்னலோடு ஓர் அறை. யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டா வாங்க வேண்டும்?

முதலாளி பேச்சிமுத்துவின் மகன் விக்ரம், தான் போட்ட வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தான். "அக்கா, ஒரு நடை போயிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

கண்ணை மூடினாள். வேப்ப மர நிழல், அகலமான படிகள், தண்ணீர் தெளித்த சிமெண்ட் வாசனை. முதலாளி அறை, விக்ரம் அறை, மீட்டிங் அறை. மாடியில் சாயங்கால வெயிலில் மலை முழுசாகத் தெரிந்த ஜன்னல் ஓரம் பழைய ஃபைல்களுக்கு ஓர் அலமாரி. இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட இடமிருந்தது. மறுபடி வாசலிலிருந்து தொடங்கினாள்.

அரை மணி நேரமாகியும் அவள் கண் திறக்காததால் பேச்சிமுத்துவே வந்து நின்றார். "என்னம்மா, எங்கயும் இடிக்குதா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு. அம்புட்டு ரூமும் சுத்திட்டேன். நான் எங்க உக்காரணும்னுதான் தெரியல."

விக்ரம் நாக்கைக் கடித்தான். "நீங்க எப்பவும் சைட்லதான இருப்பீங்கன்னு..."

பேச்சிமுத்து அவனைக் கையமர்த்தினார். எதிரே உட்கார்ந்து, அவளைப் போலவே கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாடி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் தாமரை. எங்கயும் உன்னையக் காணோம்."

பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார். அலமாரியை அழித்துவிட்டு, ஜன்னலடியில் ஒரு மேஜையையும் நாற்காலியையும் வரைந்தாள்.

"அப்ப அலமாரிய எங்க வைக்கிறது?" என்றான் விக்ரம்.

"உன் ரூம்ல வச்சுக்க" என்றார் அப்பா.