உள் தாழ்ப்பாள்

டம்ளரை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மகள் வாங்கவில்லை.

"குடிம்மா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க, மறந்துட்டியா?"

"சாயங்காலம் வந்து குடிக்கிறேன்ப்பா."

"இப்ப குடி."

"வேணாம்."

பூட்டுக்காரருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போன வாரம் முழுக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த பெண் இவள். காய்ச்சல் இறங்கி, யூனிபார்ம் போட்டுக்கொண்டு இன்றைக்குத்தான் எழுந்து நிற்கிறாள். டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி வெச்சு வந்த நோய் இது. திரும்பத் திரும்ப வந்தா கிட்னிக்குப் போயிடும்" என்றாள். கிட்னி என்ற சொல் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அவருடைய மனைவியைக் கொண்டுபோன சொல் அது.

"விடுடா" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பள்ளிக்கூடம் கிளம்புற நேரத்துல எந்தப் பொண்ணுடா வயிறு முட்டத் தண்ணி குடிப்பா?"

"ஏன், குடிச்சா என்ன?"

மகள் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். தனக்கு மட்டும் தெரியாமல் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மகள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

"என்னக்கா இது?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன். காலையில ஒரு வாய், மத்தியானம் நாக்கு நனைய. வீட்டுக்கு வந்து குடிச்சுக்கோன்னு." அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "எங்கம்மா எனக்குச் சொன்னா. நான் மில்லுல அப்படித்தான் காலத்த ஓட்டுனேன். ஏன், உன் பொண்டாட்டி துணிக்கடையில நாள் பூரா நின்னாளே, அவ எங்க போனான்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை.

"பள்ளிக்கூடத்துல கக்கூஸ் இருக்கேக்கா. நல்ல கக்கூஸ். நானே பூட்டுப் போட்டுக் குடுத்தேனே."

"அதான்டா நானும் சொல்றேன். பூட்டுப் போட்டுக் குடுத்தியே."

அந்தப் பூட்டு அவருடைய பெருமைகளில் ஒன்று. பெண்கள் கழிப்பறைச் சாவி அடிக்கடி தொலைகிறது என்று தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பியபோது, கடையிலிருந்த நல்ல பூட்டாகப் பார்த்து இனாமாகவே மாட்டிக்கொடுத்தார். அதோடு விடவில்லை. பழைய கதவுச் சட்டத்தில் முழ நீளம் அறுத்தெடுத்து, ஓட்டை போட்டு, சாவியை அதில் சங்கிலியால் பிணைத்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் 'பெண்கள் கழிப்பறை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் சுட்டும் வைத்தார். "இனி ஜென்மத்துக்கும் தொலையாது" என்று தலைமையாசிரியர் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தார்.

தொலையவில்லை. எடுத்தால்தானே தொலைவதற்கு.

அக்கா சொல்லச் சொல்ல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை தலைமையாசிரியர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவசரமான பெண் உள்ளே போய்க் கேட்க வேண்டும். எழுத்தர் தலையைத் தூக்காமலே, "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்பார். ஒன்றுக்கென்றால் ஒரு வாளித் தண்ணீர், இரண்டுக்கென்றால் இரண்டு. பக்கத்தில் சார்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடக்க வேண்டும். "டேய், பலகை வருது, வழி விடு!" என்று பையன்கள் கத்துவார்கள். பூட்டு வந்த புதிதில், அப்பா செய்த பலகைதானே என்று பெருமையாய் முதலில் தூக்கிக்கொண்டு போனவள் அவர் மகள். இன்றுவரை பள்ளியில் அவள் பெயரே பலகை.

அன்று அவர் கடை திறக்கவில்லை. நேரே பள்ளிக்குப் போனார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டார், நிதானமாகப் பேசினார்.

"திறந்து விட்டா ஒரே வாரத்துல நாறிடும்ப்பா. தண்ணி ஊத்த மாட்டாங்க. பேப்பர், துணி, எல்லாத்தையும் உள்ள போட்டு அடைச்சு வெப்பாங்க. கழுவ ஆள் போட எனக்கு யாரு குடுக்கிறா? அதோ பாரு."

கண்ணாடி அலமாரியில் வெள்ளிநிறக் கேடயம் பளபளத்தது. சுத்தமான கழிப்பறைக்கு வட்டாரத்தில் முதலிடம். வருடாவருடம் இதே பள்ளிக்குத்தான்.

"ஆய்வுக்குழு வர வியாழக்கிழமை வருது. இந்த வருஷமும் நம்மதுதான்."

"நான் ஒரு தடவ பாக்கலாமா சார்?"

எழுத்தர் பலகையை எடுத்து நீட்டினார். பூட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். உடற்பயிற்சி வகுப்பில் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மைதானம் இவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பூட்டு அருமையாகத் திறந்தது. உள்ளே ஓடு மின்னியது. மூலையில் சிலந்தி ஒன்று யார் தொந்தரவும் இல்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ப்பாளுக்காகக் கையைக் கொண்டுபோனார்.

தாழ்ப்பாள் இல்லை.

தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையில் ஒரு சணல் கயிறு. உட்கார்ந்திருக்கும்போது கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் கதவு மைதானத்தைப் பார்க்கத் திறந்துகொள்ளும். கயிற்றின் நுனி கைபட்டுக் கறுத்திருந்தது. கதவுக்கு வெளியே உலகத்தரமான பூட்டு. உள்ளே ஒரு முழக் கயிறு. வாழ்க்கையெல்லாம் பூட்டோடு கிடந்தவர், பூட்டு மாட்டிய அன்றைக்குக் கதவின் மறுபக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து பலகையை மேசைமேல் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்த தலைமையாசிரியர் குரலைத் தணித்தார்.

"உன் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணு செய்யலாம். டீச்சருங்க போற கழிப்பறை பின்னாடி இருக்கு. உன் பொண்ணு மட்டும் அதுல போய்க்கட்டும். யாரையும் கேக்க வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்."

பூட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. மகள் பிழைத்துக்கொள்வாள். வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் சொன்னபோது மகள் ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு மட்டுமா?"

"ஆமாம்மா."

"அப்ப என் பக்கத்துல உக்காந்திருக்கிறவ?"

"அவங்கப்பா வந்து பேசிக்கட்டும்."

"அவங்கப்பாவுக்குத் தெரியாதுப்பா. உங்களுக்குத் தெரிஞ்சுதா?" சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நான் போகலப்பா. நான் தண்ணி குடிச்சுட்டு ஜம்முன்னு போவேன், அவளுங்க பல்லக் கடிச்சுட்டு என்னையே பாத்துட்டு இருக்கணுமா? அதுக்குப் பலகையே மேல்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நான் சொல்லிக்குடுத்தது தப்புடா" என்றாள். "ஆனா பெரிய சார் கேக்குறதும் நியாயந்தான். கழுவுறது யாரு?"

"நான் கழுவுறேன்."

"நீ ஒருத்தன் கிழிச்ச. எழுந்திரு."

தெருவில் பெண் பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்து இருவரும் ஏறி இறங்கினார்கள். அம்மாக்களிடம் அக்கா பேசவில்லை. அவர்களுக்குத் தெரியாததாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாக்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள். சிலர் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். ஒருவர் கதவைப் பாதி திறந்து, "பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ ஆம்பள கழுவுறதா? வெளியில தலை காட்ட முடியுமா?" என்றார்.

"உம் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப கழுவலையா நீ?"

"அதெல்லாம் எம் பொண்டாட்டி பாத்துக்கிட்டா."

"அப்ப இப்பவாச்சும் கத்துக்கோ. வயசு போயிடல."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே அவர் ஒப்புக்கொண்டார் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் வருகிறேன் என்றார். தையற்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, பினாயில் பாட்டிலோடு பின்னாலேயே வந்தார்.

வியாழக்கிழமை முதல் மணி அடிக்குமுன் பூட்டுக்காரர் கழிப்பறை வாசலில் இருந்தார். பூட்டு தொங்கும் இரும்புப் பட்டையைக் கழற்றிப் பூட்டை எடுத்துப் பையில் போட்டார். உள்பக்கம் துளை போட்டுப் பித்தளைத் தாழ்ப்பாளைத் திருகினார். ஓட்டையை மரக்கட்டை வைத்து அடைத்தார். அக்கா வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ திருட வந்தவர்போல அங்கும் இங்கும் பார்த்தார்.

தலைமையாசிரியர் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன அக்கிரமம் இது? இன்னிக்கு ஆய்வுக்குழு வருது!"

"தெரியும் சார். அதான் இன்னிக்கே வந்தேன். வேற நாள்னா நீங்க உடனே வேற பூட்டு மாட்டிடுவீங்க. இன்னிக்கு வர்றவங்க கண்ணெதிர்ல மாட்ட மாட்டீங்க."

"பள்ளிக்கூடச் சொத்துல கைய வெக்கிற. போலீசக் கூப்பிடட்டுமா?"

"பூட்டு நான் குடுத்தது. குடுத்தத எடுத்தவன்னு எனக்குக் கெட்ட பேரு வரட்டும் சார். தாழ்ப்பாள் உங்களுக்கே இருக்கட்டும்."

"யோவ், நாறிப்போச்சுன்னா யார் கழுவுறது?" என்றார் எழுத்தர்.

"இன்னிக்கு நாங்க. பேர் குடுத்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குறோம்" என்றாள் அக்கா. "ஒண்ணுக்கா ரெண்டுக்கான்னு கேக்குற வேலைதான் இனிமே இல்லையே."

இடைவேளை மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வந்து தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். யாரும் அடியெடுத்து வைக்கவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கம் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். பூட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைக்காமல் நின்றார். ஒருத்தியும் வராவிட்டால் மாலைக்குள் புதுப் பூட்டு தொங்கும். மகள் மறுபடி நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வாள்.

கூட்டத்திலிருந்து அவர் மகள் பிரிந்து வந்தாள். "டேய், பலகைடா!" என்று ஒரு குரல். அவள் நின்று திரும்பினாள்.

"ஆமா, பலகைதான். ஒண்ணுக்குத்தான் போறேன். நீ போனதே இல்லையாடா?"

மைதானமே சிரித்தது. இந்த முறை அவளைப் பார்த்து இல்லை. அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் வெளியே வருவதற்குள் வரிசை வேப்பமரம்வரை நீண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆய்வுக்குழுவின் ஜீப் உள்ளே நுழைந்தது. ஆண்கள் இருவர், ஒரு அதிகாரியம்மா. காலையிலிருந்து பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய களைப்பு அந்தம்மா முகத்தில் தெரிந்தது. ஆண்கள் தலைமையாசிரியர் அறையில் டீ குடிக்க உட்கார, அவள் தனியாக வந்து அக்காவின் காதருகே குனிந்தாள்.

"உள்ள தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கும்மா. புதுசு."

அதிகாரியம்மா வரிசையில் நின்றாள். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். உள்ளே போனவள் வெளியே வந்து முகம் கழுவியபோது அவள் தோள்கள் இறங்கியிருந்தன. அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு ஆண்கள் வந்தார்கள். அவளும் மறுபடி அவர்களோடு உள்ளே வந்தாள். ஒருவர் தரையைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்து, "ஈரம்" என்றார். "வாளி இடம் மாறியிருக்கு. சுவத்துல கைரேகை" என்றார் மற்றவர். கதவுக்கு வெளிப்பூட்டு இல்லை என்று தனியாக ஒரு குறை. மதிப்பெண் போட்டு மூவரும் கையெழுத்திட வேண்டும். அதிகாரியம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். அக்கா அவளையே பார்த்தாள். அவள் நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கேடயம் ஆற்றுக்கு அந்தப்புறமிருந்த பள்ளிக்குப் போயிற்று. அங்கே கழிப்பறைத் தரை சருகுபோலக் காய்ந்திருந்ததாம்.

"உன்னால போச்சு" என்றார் தலைமையாசிரியர், தெருவில் பார்த்தபோது. கழிப்பறை சில நாள் நாறவும் செய்தது. தையற்காரர் தம் முறைக்கு வராமல் இரண்டு வாரம் ஒளிந்து திரிந்தார். அக்கா கடைக்கே போய்த் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். புதுப் பூட்டோடு எழுத்தர் ஒரு நாள் கிளம்பியபோது, கதவுக்கு முன்னால் பெண்கள் சும்மா நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அவர் பூட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு பிற்பகல், பூட்டுக்காரரின் கடை வாசலில் அறிமுகமில்லாத பெண் ஒருத்தி வந்து நின்றாள். செருப்பில் ஆற்றுமணல். கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள்.

"தாழ்ப்பாள் போடுறவர் நீங்கதானே அண்ணே?"

"ஆமாம்மா. எந்த வீடு?"

"வீடு இல்லண்ணே." முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்க பொண்ணுங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் கேடயம் கிடைச்சிருக்கு."

துக்கம் சொல்ல வந்தவள் குரலில் சொன்னாள்.

பூட்டுக்காரர் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை.

"எத்தனை கதவும்மா?" என்றார்.